ஐந்து வோல்ட்டுக்கு மூன்று கதவுகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஏனென்றால் போனில் சார்ஜ் நிற்பதில்லை, அதனால்தான் நோட்டு. அம்மாவுக்கு இதுதான் பதில். "பரீட்சையே எழுதாதவன் இப்ப என்னத்தல எழுதுத?" என்று பீடித் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். எத்தனை மணிக்குக் கரண்ட் சிமிட்டியது, போர்டு எத்தனை தடவை அணைந்தது என்று குறித்து வைத்தால்தான் கோளாறைப் பிடிக்க முடியும். வேறொன்றும் இல்லை.

இன்று: 7.10, 9.35, 9.50, 2.20, 4.05. ஐந்து தடவை.

போர்டு என்பது உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர். காலேஜில் சீனியர் ஒருவன் விற்றது. அதைப் பழைய டிவியில் மாட்டி அப்பா கட்டிலுக்கு எதிரே வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு வந்திருப்பது நரம்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வரும் நோய். முதலில் கை, பிறகு கால், போன பொங்கலோடு குரல். மிச்சம் கண்ணும் வலது கட்டைவிரலும். டிவியில் எழுத்துகள் வரிசையாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது கட்டைவிரலால் ஸ்விட்சை அழுத்துவார். வரி முடிந்ததும் ஸ்பீக்கர் பேசும். 'தண்ணீர்' என்று சொல்ல நாலு நிமிடம். இருபத்தேழு வருடம் லைன்மேனாக இருந்து, போஸ்ட் உச்சியிலிருந்து தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திய ஆள்.

அந்த விரலும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அவர் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லியாக வேண்டும். அதற்குப் போர்டு அணையக் கூடாது. கரண்ட் ஒரு நொடி போனாலும் அது எழுந்து வர ஒன்றரை நிமிடம். பாதி எழுதிய வரி போய்விடும்.

இன்று ஒரே வரியை மூன்று தடவை தொடங்கினார். முதல் சொல் 'காலேஜ்'. மூன்று தடவையும் அதோடு அணைந்தது. நாலாவது தடவை அவர் தொடங்கவில்லை. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

முட்டாள்தனம். அடாப்டர் வயரையும் பவர் பேங்க் வயரையும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு சேர்த்து முறுக்கிப் போர்டில் கொடுத்தேன். இரண்டும் ஐந்து வோல்ட்தானே. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்று கணக்கு.

அரை மணி நேரத்தில் பவர் பேங்க் பூரி மாதிரி உப்பிவிட்டது. கிடுக்கியால் பிடித்துக் கொண்டுபோய் வாசல் மணலில் எறிந்தேன். அம்மா சொன்னதை எழுத முடியாது.

எந்த இரண்டு ஐந்து வோல்ட்டும் ஒன்றாக இருப்பதில்லை. சற்று அதிகமாக இருப்பது, குறைந்து நிற்பதற்குள் பாய்கிறது. ஒன்று செத்துக் கிடந்தால் மற்றது அதற்குள்ளேயே தள்ளுகிறது. ஒவ்வொரு சப்ளைக்கும் வெளியே மட்டும் திறக்கிற கதவு ஒன்று வேண்டும். இது இரண்டாம் வருடப் பாடத்தில் இருந்தது. அந்தப் பேப்பரிலும் அரியர்.

அப்பா எழுதும் ஒவ்வொரு வரியும் நேரத்தோடு மெமரி கார்டில் பதிகிற மாதிரி செய்துவிட்டேன். கோளாறு பிடிக்க உதவும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கடையில் கிடைத்த சாதா டயோடுகளைக் கதவாகப் போட்டேன். கதவு சரி, ஆனால் வழியில் முக்கால் வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. மிச்சம் போர்டுக்குப் போதவில்லை. டிவி மூலையில் மின்னல் குறி காட்டுகிறது. சும்மா இருக்கும்வரை ஓடுகிறது. ஸ்பீக்கர் வாயைத் திறந்தால் அணைந்துவிடுகிறது.

அப்பா பேசினால் சாகிறது என்று அர்த்தம்.

பன்னிரண்டு தடவை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சூசை சித்தப்பா வந்தார். அப்பாவோடு பதினெட்டு வருடம் ஒரே லைனில் ஏறியவர். ஞாயிறு தவறாமல் வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுவார்.

"என்னண்ணே, மீச இருக்கட்டுமா, எடுத்துரவா?"

அப்பா அழுத்தத் தொடங்கினார். சித்தப்பா நுரை பூசிய கையோடு அசையாமல் காத்திருந்தார். ஸ்பீக்கர் தன் பெண்குரலில் "இருக்கட்டும்" என்றது. உடனே போர்டு அணைந்தது.

"மைனி, அண்ணனுக்குப் பொம்பளக் குரல் வச்சிருக்கான் ஒங்க மவன். பாத்துக்கிடுங்க, எவனாவது பொண்ணு கேட்டு வந்துருவான்."

"வந்தா அனுப்பிருதேன். சீதனமா இவனையும் சேத்து அனுப்பிருதேன்" என்றாள் அம்மா.

அப்பாவின் கண் சிரித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

சித்தப்பா என் வயர்களைப் பார்த்தார். "ஏலே இசக்கி, எத்தன எடத்துலருந்துல கரண்டு எடுக்க? தனி மாகாணமே நடத்துத." பிறகு வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். "ஆடிக்காத்துல ஒங்க வீட்டு சர்வீஸ் வயரு போஸ்ட்டுல லூசா ஆடுது. அதான் சிமிட்டுது."

"இப்பமே ஏறி முறுக்கி விட்டுருங்க சித்தப்பா."

"உசுரோட இருக்குத லைன்ல ஏறச் சொல்லுதான் பாரு. பத்தொம்பதாம் தேதி ஷட்டவுன். அன்னைக்கு மொத வேல ஒங்க வீடுதான், போதுமா?"

நான் விடவில்லை. மறக்கக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன்.

போகும்போது, "காலேஜுக்குத் திரும்பப் போறியால?" என்றார்.

"அப்பாவ யாரு பாப்பா?" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். பதினோரு அரியர் என்று நான் சொல்லவில்லை. நான் காலேஜை விட்டபோது அப்பா நன்றாக நடந்துகொண்டிருந்தார் என்பது அவருக்கே தெரியும்.

ஆகஸ்ட் 13, புதன்

பார்சல் வந்தது. நகம் அளவு மூன்று தகடுகள். இவையும் கதவுதான், ஆனால் வழியில் எதையும் தின்பதில்லை. அடாப்டருக்கு ஒன்று. புதுப் பவர் பேங்குக்கு ஒன்று. மூன்றாவது, பன்னிரண்டு வோல்ட் பைக் பேட்டரியை ஐந்தாகக் குறைத்து அதற்கு ஒன்று. பேட்டரி அப்பாவின் பைக்கில் இருந்தது. கழற்றும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஒரு தொல்லை. பவர் பேங்கிடம் யாரும் கரண்ட் கேட்காவிட்டால் தூங்கிவிடுகிறது. அடாப்டர் போன நொடியில் எழுந்திருக்கத் தெரியவில்லை. ஒரு சின்ன பல்பை அதில் எந்நேரமும் எரியவிட்டேன். இப்போது முழித்திருக்கிறது.

ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டிரண்டாகப் பிடுங்கிப் பார்த்தேன். போர்டு கண் சிமிட்டவில்லை. அப்பா "சபாஷ்" என்று எழுதினார். ஆறு நிமிடம் ஆனது.

அணைந்தது: பூஜ்யம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பத்தொன்பதாம் தேதி ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இருக்காது. போர்டு தாங்கும். டிவி தாங்காது. அப்பாவின் காற்று மெத்தை தாங்காது, பம்ப் நின்றால் இரண்டு மணி நேரத்தில் முதுகில் புண் வந்துவிடும். மைக்செட் கடை முப்பிடாதியிடம் இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் கேட்டு வாங்கி வந்தேன்.

அதில் பிளக் மாட்ட ஒரே ஒரு ஓட்டைதான். மெத்தை, டிவி, ஃபேன் எல்லாவற்றுக்கும் வயர் இழுக்க வேண்டுமா? இரண்டு முனையிலும் பிளக் வைத்து ஒரு வயர் செய்தேன். ஒரு முனை இன்வெர்ட்டரில், மறுமுனை டிவிக்குக் கீழே இருக்கும் சுவர் சாக்கெட்டில். வீடு முழுக்கக் கரண்ட்.

மத்தியானம் கரண்ட் போனபோது சோதித்தேன். ஒரு நொடியில் இன்வெர்ட்டர் அலறி, ட்ரிப் ஆகி அணைந்துவிட்டது. யோசித்தேன். தெரு முழுவதற்கும் கொடுக்கப் பார்க்கிறது. வாசலில் மெயின் ஸ்விட்சை இறக்கி, வீட்டைத் தெருவிலிருந்து துண்டித்துவிட்டு இன்வெர்ட்டரை மறுபடி போட்டேன். தாங்கியது. எளிது.

அப்பா ஏதோ எழுதத் தொடங்கினார். முதல் சொல் மறுபடியும் 'காலேஜ்'. எனக்கு முப்பிடாதி கடையில் வேலை இருந்தது. போய்விட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மெயின் பெட்டிக்கு மேலே குளவி கூடு கட்டியிருக்கிறது. தேங்காய்ச் சிரட்டை அளவு. "அதுல கைய வச்சிராத, மூதி, போன தடவ கொட்டி மூஞ்சி வீங்கிக் கெடந்தியே" என்றாள் அம்மா. சாயங்காலம் புகை போட வேண்டும் என்று நினைத்தேன். மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

9.00 கரண்ட் போனது. போர்டு அசையவில்லை.

9.15 சூசை சித்தப்பா ஏணியோடு வந்து எங்கள் சர்வீஸ் வயரைப் போஸ்ட்டிலிருந்து அவிழ்த்துத் தொங்கவிட்டார். "ட்ரான்ஸ்பார்மர்கிட்ட ஆளு காத்துட்டு இருக்கு. பதினொரு மணிக்கு வந்து சொரண்டி, புதுசா முறுக்கி மாட்டுதேன். மைனி, டீ போட்டு வைங்க."

9.40 இன்வெர்ட்டர் போட்டேன். ட்ரிப் ஆகவில்லை!

10.00 மெத்தை, டிவி, ஃபேன் எல்லாம் ஓடுகிறது. போர்டு பூஜ்யம்.

10.30 பூஜ்யம்.

11.00 பூஜ்யம். இது சாதனை.

சூசை சித்தப்பா விழுந்துவிட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

நெல்லை பெரிய ஆஸ்பத்திரி. முதுகெலும்பு. உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். இடுப்புக்குக் கீழே கிள்ளினால் தெரியவில்லை.

அம்மா ராத்திரி முழுக்க சித்தப்பாவின் மனைவி ரெஜினா சித்தியோடு இருந்துவிட்டு வந்தாள். "ரெண்டு கைலயும் வெரல் நுனியில கருகுன பொட்டுல" என்றாள். "கரண்டே இல்லாத நாளுல எப்படில கருகும்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

கரண்ட் ஆபீஸிலிருந்து ஏ.ஈ., அசிஸ்டென்ட் இன்ஜினியர், வந்தார். "வீட்ல இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் ஏதாவது உண்டா தம்பி?"

"இல்ல சார்."

"இந்த மெஷின்லாம் நேத்து எப்படி ஓடுச்சு?"

"ஓடல சார். போர்டு நேத்து செத்துக் கெடந்துச்சு."

அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணை மூடியிருந்தார். இன்வெர்ட்டரை நான் நேற்று மத்தியானமே முப்பிடாதியிடம் கொடுத்துவிட்டேன். அவனுக்குத் தேவைப்பட்டது.

மெயினை இறக்கிவிட்டுத்தான் போட்டேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அணைந்தது: பூஜ்யம். அப்பா மூன்று நாளாக ஸ்விட்சைத் தொடவில்லை. விரல் அசைகிறது. ஈ உட்கார்ந்தால் அசைகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று சவரம் இல்லை. நுரை கலக்கிக்கொண்டு நான் போனேன். அப்பா கண்ணைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய்விட்டார். நுரை கிண்ணத்தில் வடிகிற வரைக்கும் நின்றுவிட்டு வந்தேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரி. ரெஜினா சித்தி வராண்டாவில் அழுதுகொண்டிருந்தாள். "குடிச்சிருந்தாரான்னு கேக்காவ இசக்கி. கோயில்ல குடுக்குத திராட்ச ரசம் தவிர வாயில வச்சது உண்டா அந்த மனுசன்?"

உள்ளே சித்தப்பா மல்லாந்து கிடந்தார். என்னைப் பார்த்ததும், "அண்ணனுக்கு யாருல செரச்சு விட்டா?" என்றார்.

"நான்தான்." இதுவும் பொய்.

"ஏ.ஈ. கிட்ட தல சுத்தி விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன். கேட்டியா? ஷாக்கு கீக்கு ஒண்ணும் இல்ல. தல சுத்துதான்." மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேற வீடா இருந்தா டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் தொட்டுருப்பேன். அண்ணன் வீடுல்லா."

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் என் கையை அப்படிப் பிடித்திருக்க மாட்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

போர்டின் மெமரி கார்டை எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 14, 3.12: காலேஜ் போனால் போகட்டும். உனக்குக் கை வேலை தெரியும்.

அப்போது அறையில் யாரும் இல்லை. ஸ்பீக்கர் வெறும் சுவரிடம் சொல்லியிருக்கிறது.

ஆகஸ்ட் 19:
9.58 வயரைப் பிடுங்கு
10.09 வயரைப் பிடுங்கு
10.24 மெயின் இறக்கு
10.36 சூசை வருவான்
10.45 சூசை
10.51 சூசை
10.57 சூசை
11.02 சூசை
11.06 சூசை

முழுதாக எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

போர்டு சாகவில்லை. ஒரு தடவை கூட அணையவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன். முதல் இரண்டையும் நான் கேட்டேன். எப்போதும் போல என் வயர் சிக்கலைக் குறை சொல்கிறார் என்று நினைத்தேன். "சாயங்காலம் ஒதுக்கி வைக்கேன்ப்பா, சும்மா கெடங்க" என்றேன். ஸ்பீக்கரைப் பூஜ்யத்துக்குத் திருகிவிட்டு, அடுத்த அறையில் போய்க் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படுத்தேன்; டிவி வெளிச்சத்தை மட்டும் அங்கிருந்தே பார்த்துப் பூஜ்யம் என்று குறித்தேன். அம்மா பீடிக்கட்டைக் கம்பெனியில் போடப் போயிருந்தாள். "மைனி, ஏறுதேன்" என்று சித்தப்பா இரண்டு தடவை கத்தினாராம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வீட்டில் அதைக் கேட்டவர் ஒருவர்தான். கடைசி 'சூசை'க்கும் ஏணி விழுந்த சத்தத்துக்கும் நடுவே மூன்று நிமிடம் இருந்திருக்கும்.

மெயின் இறக்கவில்லை. குளவி இருந்தது. இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகாததால் இறக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். ஏன் ட்ரிப் ஆகவில்லை? வயர் போஸ்ட்டில் இல்லை. தெரு எதுவும் அதை இழுக்கவில்லை. வெறும் நுனியில் இருநூற்று முப்பது வோல்ட் தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு கை வந்து தொடுவதற்காக.

செத்த சப்ளைக்குள் உயிருள்ள சப்ளை தள்ளும் என்று ஆகஸ்ட் ஆறாம் தேதி இந்த நோட்டில் நான்தான் எழுதியிருக்கிறேன். ஐந்து வோல்ட்டுக்கு மூன்று கதவு வைத்தேன். இருநூற்று முப்பதுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

அப்பா எழுதினார். ஒன்பது நாளுக்குப் பிறகு.

விரல் பாதி தடவை தவறுகிறது. எழுத்து தாண்டிப் போய்விடும், மறுபடி சுற்றி வரும்வரை காத்திருப்பார். ஐம்பது நிமிடம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கும் போகவில்லை.

ஸ்பீக்கர் சொன்னது: "நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா."

அம்மா பீடித் தட்டை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எதலே?"

நான் சொல்லவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். டிவிக்குக் கீழே சாக்கெட்டைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏ.ஈ. நாளைக்குப் பதினொரு மணிக்கு மறுபடி வருகிறார். அறிக்கை எழுதி முடிக்கப் போகிறாராம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விடிந்ததும் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒன்றைப் பிடுங்கினால் போதாது. இரண்டைப் பிடுங்கினாலும் போதாது. மூன்றையும் பிடுங்கினால்தான் இது வாயை மூடும். யாராலும் சுலபமாக அணைக்க முடியாத மாதிரி செய்தவன் நான்தான். அடாப்டரில் கை வைத்தேன். அப்பா முழித்திருந்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஸ்விட்சை அழுத்தவில்லை. என் கையையே பார்த்தார்.

எடுத்துவிட்டேன். அடாப்டரை அல்ல, கையை.

மூன்று கதவையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சரி. பவர் பேங்க் பல்பு எரிகிறது. பைக் பேட்டரி பன்னிரண்டரை. ஸ்பீக்கரை முழுசாகத் திருகி வைத்துவிட்டேன். பதினொரு மணிக்கு ஏ.ஈ. இந்த நாற்காலியில் உட்கார்ந்து, அப்பா எல்லாவற்றையும் சொல்லும்போது இது அணையாது. இனி நான் நினைத்தாலும் நடுவழியில் திரும்பி வந்து பொய் சொல்ல முடியாது. அப்பாவின் விரல் ஏமாற்றினால் இருக்கட்டும் என்று, இரண்டு பிளக் வைத்த அந்த வயரையும் பரணிலிருந்து எடுத்து நாற்காலி மேலேயே வைத்திருக்கிறேன்.

ஆனால் சூசை சித்தப்பா இதை அந்தப் பெண்குரல் மூலமாகவோ ஏ.ஈ. மூலமாகவோ கேட்கக் கூடாது. ஏழே கால் பஸ் பிடித்தால் ஒன்பதுக்குள் நெல்லை. அவர் முகத்தைப் பார்த்து எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நாலு தடவை எழுதிப் பார்த்தேன், நாலையும் கிழித்துவிட்டேன். "தல சுத்துதான்" என்று மறுபடி சொன்னால் என்ன செய்வேன்? ரெஜினா சித்தி அங்கேயே நிற்பாள். அதற்கு அப்புறம் போலீஸ் ஸ்டேஷனா, வேறு எங்கேயா, அதுவும் தெரியாது. அவருக்குக் கால் வராது. அது மட்டும் தெரியும்.

அம்மா சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறாள். சவரக் கத்தியையும் சோப்பையும் ஒரு பையில் போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அது யாருக்கு என்று கேட்டேன். "அந்த மனுசனுக்கும் பத்து நாளு தாடி இருக்கும்லா" என்றாள்.

பஸ் ஹார்ன் முக்கில் கேட்கிறது. நான் போக வேண்டும்.